ஐம்பது தோட்டாவும் இரண்டு மிஸ்ட் கோலும்

எசன், 14.6.2004

அன்பான மலரினிக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் குறையில்லை.

சனி மதியம், சுகம் என்று சொல்ல நீர் வழக்கம்போல இரண்டு மிஸ்ட் கோல் அடித்தபோது, வேலை செய்யும் துவக்குக் கடையில் தோட்டாக் கோதுகளுக்கு வெடிமருந்து நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் மணி கேட்டதும் எந்தக் கோதில் போட்டேன் என்பது மறந்துவிட்டது. சின்ன அளவு என்பதால் இரண்டு முறை விழுந்தாலும் நிரம்பித் தெரியாது. சுட்டால் துவக்கே சிதறும். சந்தேகம் வந்ததும் குண்டு வைத்துப் பூட்டிய ஐம்பதையும் கழற்றி மருந்தைத் திரும்ப நிறுத்தோம். முப்பத்தொன்றாவதில் இரட்டிப்பு இருந்தது. முதலாளி கெர்ட் அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"உனக்குப் பயமில்லையா?" என்றார்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை.

யாரும் ஜேர்மனிக்கு வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். இனிச் சனி மதியம் கோல் அடிக்க வேண்டாம். வேலைக்கு நேரமாகிறது.

உமது செல்வேந்திரன்

பி.கு: இல்லை, அடியும். அந்த மணிக்கு மட்டும்தான் என் கை இன்னும் தடுமாறுகிறது.