தெரியாமல் கேட்டேன் என்று சொல்லச் சொல்கிறார்கள்

அன்பு மகன் அகிலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அந்த ஊர்க் குளிருக்குப் பழகி, நேரத்துக்குச் சாப்பிட்டு நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றபடி நலமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் பேசினால் பாதியில் உன் அப்பா வாங்கிவிடுகிறார். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு, இரண்டு முறை படி, எனக்கே குழப்பமாக இருக்கிறது.

உன் தங்கச்சியும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஊர் மந்தைத் திடலில் பேஸ்பால் ஆடுவது உனக்குத் தெரியும், நீ ஜப்பானிலிருந்து அனுப்பிய கையுறையைத் தலைமாட்டில் வைத்துத்தான் ஸ்வேதா தூங்குகிறாள். உங்கள் ஊரில் ஆற்றங்கரைக்கு ஆற்றங்கரை அதைத்தான் ஆடுகிறார்கள் என்று நீ சொன்னாய். எனக்கு அந்த ஆட்டம் இன்னும் பாதி புரியவில்லை. பந்து போடுகிறவள் அசந்த நேரம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிவிட்டால் அதற்குப் பேரே திருடுவதாம், அது தப்பில்லையாம், கெட்டிக்காரத்தனமாம். தை மாதம் கொடைக்கானல் டவுன் பிள்ளைகளோடு நடந்த ஆட்டத்தில் ஸ்வேதா அப்படி ஓடித்தான் நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். பழைய ஊராட்சித் தலைவர் அழகுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிலடித்தார். ஏலே பொன்னுவேலு, ஒம் மகளுக்கு மண்டை பூரா மூளைலே என்று உன் அப்பா முதுகில் அவர் தட்டிய தட்டில் அப்பா இருமிவிட்டார். அதே அழகுமலைதான் இப்போது, பொட்டப்புள்ளைக்கு இம்புட்டு மூளை ஆகாது என்கிறார். எந்த மூளையைச் சொல்கிறார் என்று தெரியவில்லை, அவளுக்கு இருப்பது ஒன்றுதானே.

நடந்ததைச் சொல்கிறேன். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது, அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதற்குள் எல்லாச் சுவருக்கும் வெள்ளையடித்துக் கட்சிக்காரர்கள் பேர் எழுதிவிட்டார்கள். நம் வீட்டுச் சுவரில் எழுதலாமா என்றுகூட யாரும் கேட்கவில்லை, காலையில் எழுந்து பார்த்தால் எழுதியிருக்கிறது. அழகுமலை மறுபடி நிற்கப்போகிறார். அதற்கு முன் ஊருக்கு ஏதாவது செய்த மாதிரி இருக்க வேண்டுமாம், மந்தையில் கல் பரப்பி டூரிஸ்ட் வண்டி நிறுத்தும் இடமாக்கப் பார்க்கிறார். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கேரட்டை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிவிட்டு கமிஷன் கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவதற்குப் பதில், நம் வாசலிலேயே வருகிறவர்களுக்கு விற்கலாம். ஆனால் இந்த மலையில் பிள்ளைகள் ஓடுவதற்குச் சமமான தரை வேறு எங்கே இருக்கிறது? மலைக்குக் கீழேயிருந்து வந்து வேலை பார்க்கிற விளையாட்டு டீச்சர் ஜோதிமணி ஊர்க் கூட்டத்தில் இதைக் கேட்டார். டீச்சர் கீழ்நாட்டுக்காரவுக, ஒங்களுக்கு இங்க என்ன சோலி என்று உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு, சாமியிடமே கேட்டுவிடுவோம் என்று முடிவானது.

பூக்கட்டிப் பார்ப்பதை நீ மறந்திருக்க மாட்டாய். முருகன் காலடியில் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் வண்டி, சிவப்பு வந்தால் மந்தை அப்படியே இருக்கும் என்று பேச்சு. ஒரு சின்னப் பிள்ளை எடுத்துக் கொடுத்தது, பூசாரி குழந்தைவேல் பிரித்தார், வெள்ளை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம், நானும்தான். அப்போது பொம்பளைகள் பக்கத்திலிருந்து உன் தங்கச்சி எழுந்து, பூசாரி மாமா, அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டுங்க, அதுல செவப்பு இருந்தா நாங்களே வந்து கல்லுப் பரப்புறோம் என்றாள். சத்தம் போடவில்லை, கடையில் பாக்கிச் சில்லறை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நம் ஊரில் இதுவரை யாரும் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்ததில்லை, பிரிக்கலாம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. பூசாரி அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். சாமிகிட்டயே சாட்சி கேக்குறியா என்று ஒருவர் கத்த, மூளை முத்திப் போச்சு, சப்பானுக்கு ஏத்திவிடுங்கப்பா என்று இன்னொருவர் சிரிக்க, கூட்டம் கலைந்தது.

அந்தப் பொட்டலத்தில் சிவப்பு இருந்ததா, அதிலும் வெள்ளைதானா, எனக்குத் தெரியாது. குழந்தைவேல் உனக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது மந்திரம் சொன்னவர், ஏமாற்றுகிறவர் என்று நினைக்க மனசு வரவில்லை. ஏமாற்றவில்லை என்றால் பிரித்துக் காட்டுவதில் என்ன கஷ்டம் என்றும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. படுத்தால் இதுவேதான் ஓடுகிறது. சாமி கும்பிடப் போனால் கண்ணை மூட முடியவில்லை.

இப்போது ஊர்க் கட்டளை. வெள்ளிக்கிழமை ஸ்வேதா சன்னதியில் ஊர் முன்னால் விழுந்து, தெரியாமக் கேட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பூண்டு நடவுக்கு நம் காட்டுக்குப் பதிலுக்கு மாற்றாள் வராது. நாம் எல்லார் காட்டிலும் போய் நட்டாகிவிட்டது, நம் முறை வரும்போது இப்படி. விதைப்பூண்டை உடைத்து வைத்திருக்கிறேன், ஆறு கையை வைத்துக்கொண்டு அந்தக் காட்டை எப்படி நடுவது? ஸ்வேதா சொல்கிறாள், விழச் சொன்னா விழுறேம்மா, முருகன் கால்ல விழ எனக்கென்ன வெக்கம், ஆனா தெரியாமக் கேட்டேன்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சுதான கேட்டேன். அவள் சொல்வதில் எங்கே தப்பு என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை அகிலா, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இவள் வாயாலேயே சொல்ல வேண்டும். நீ ஜப்பான் போனபோது உன் மூளைக்கு இதே ஊர்தான் பஸ் ஸ்டாப்பில் பேனர் வைத்தது. உன் மூளை இங்கே இருந்து யாரையும் எதுவும் கேட்கவில்லை, அதனால் அதற்கு மாலை.

அப்பா பாவம், பயந்துபோயிருக்கிறார். பையன் ஒரு வார்த்தை பேசினா ஊரே அடங்கிரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை வெள்ளனே அழகுமலையை வீட்டுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு உன்னோடு பேச வைக்கப்போகிறார். அவ சின்னப்புள்ள, வெவரம் பத்தாது, தெரியாமப் பேசிட்டா என்று உன்னைச் சொல்லச் சொல்வார். நீ சொன்னால் எடுபடும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நடவும் நடந்துவிடும், ஊரும் சிரித்துப் பேசும். அவள் அதைப் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நீ என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மரியாதையாகப் பேசு, சண்டை வேண்டாம், அவருடைய பேத்தியை விசாரி, நம் வீட்டுச் சார்பில் அபிஷேகம் செய்கிறோம் என்றுகூடச் சொல், அம்மாவே விழுவாள் என்று சொன்னாலும் நான் விழுகிறேன். ஆனால் உன் தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் உன் வாயால் சொல்லாதே. மாற்றாள் வராவிட்டால் நானும் அவளும் நடுகிறோம், எத்தனை பாத்தி முடிகிறதோ அத்தனை பாத்தி.

முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ தலை நிமிர்ந்து நன்றாக இரு. மூக்கடைப்புக்குக் கண்ட மாத்திரை போடாதே, ஆவி பிடி. வியாழக்கிழமை போன் வந்தால் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
தமயந்தி