ஒண்டித் தேனீக்கள் வெளியே வந்தன

அன்புள்ள சாந்தாமணி அக்கா,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. உங்கள் வீட்டுப் பின்சுவரில் நடப்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலிபாளையத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நான் குடிவந்த புதிது. மாதுளைக்கு அருகே நீங்கள் மாட்டியிருந்த, துளைகள் போட்ட மரக்கட்டையைப் பார்த்துக் குளவி என்று அலறினேன். "ஒண்ணும் பண்ணாது கண்ணு. ஒண்டித் தேனீ. இதுக்கு ராணியுமில்ல, கூட்டமுமில்ல" என்றீர்கள். துளைக்குள் மகரந்தத்தை உருட்டிவைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாசலை மண்ணால் பூசிவிட்டுப் பறந்துவிடும். ஒற்றை ஆளாக இத்தனை வேலை! யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு?

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம், மின்வெட்டால் பனியன் கம்பெனி ஓடாத ஒருநாள், அண்ணன், அதான் உங்கள் வீட்டுக்காரர், வெள்ளையடிக்க ஆள் வைத்தார். அந்த ஆள் கட்டையைப் பிடுங்கப் போனதும் ஓடிவந்தேன்.

"வேண்டாம்ணே, உள்ள குஞ்சு இருக்கு!"

"குளவிக்கூடு அம்மிணி. கொட்டிப்போடும்" என்றார் அண்ணன்.

"அக்கா வச்சதுண்ணே."

கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவளா? எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலியே."

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும், கையில் டிபன் கேரியரோடு நேரே பின்பக்கம்தான் போவார். "இன்னுங் காணமே. செத்துப்போச்சோ?" எனக்கும் அதே பயம். சுண்ணாம்பு நெடி உள்ளே போயிருக்குமோ?

போன ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அம்மிணி, ஓடியா!" என்று அண்ணனின் குரல். ஓடிப் பார்த்தால், ஒரு துளையின் மண் பொடிப்பொடியாக உதிர்கிறது. வெள்ளை முடி முளைத்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது. வெயிலில் மீசையைத் தடவிக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்தது. பிறகு பறந்தது. மதியத்துக்குள் நான்கு! ஒரு துளை மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஏன் அக்கா? உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

அப்போது அண்ணன் மெல்லக் கேட்டார்: "இதப்பத்திப் பேசறப்ப என்னைய ஏதாச்சும் சொன்னாளா?"

"'குஞ்சு வெளிய வரட்டும், அவரக் கூட்டியாந்து காட்டறேன்'னு சொன்னாங்கண்ணே."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் சர்ச்சுக்குப் போகவில்லை. வெகுநேரம் கழித்து, "எந்த அளவுல ஓட்டை போட்டா?" என்றார். பென்சில் கனத்தைக் காட்டினேன்.

இதை எழுதும்போது பின்பக்கம் அண்ணன் துளைபோடும் மெஷின் சத்தம் கேட்கிறது. புதுக்கட்டை தயாராகிறது.

திறக்காத அந்தத் துளையை யாரும் குத்திப் பார்க்க விடமாட்டேன். அது என்றைக்குத் திறந்தாலும், முதலில் அண்ணனைத்தான் கூப்பிடுவேன். இது சத்தியம், அக்கா.

உங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை,
எஸ்தர்