பாங்குக்கு எழும்பிய கை

மச்சான்,

இன்று கடைக்கு ஒருவர் பழைய பிரிண்டர் ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். "திருத்த ஏலுமெண்டா பாருங்க, ஏலாட்டி நீங்களே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூடியைக் கழற்றியதும் அந்த வாசம் மூக்கில் அடித்தது. காய்ந்த மையும் பழைய கிரீசும் சேர்ந்த வாசம், உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பழுது எங்கே என்று பார்க்கவே இல்லை. என் கை தானாகப் போய் மோட்டாரைக் கழற்றியது. வயரை நீளமாக விட்டு வெட்டியது. "வயரக் கட்டையா வெட்டினா மறுகா ஒட்டுறதுக்கு உன்ட மீசையையா எடுக்கிற?" என்று நீ ஏசுவாய் அல்லவா, அந்தப் பழக்கம். மோட்டார் உள்ளங்கையில் இருக்கும்போதுதான் இதை யாருக்காக எடுத்து வைக்கிறேன் என்ற கேள்வி வந்தது. மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

உனக்காக அழுதாயா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அழவில்லை. அழுகை வரவில்லையே என்ற கவலைகூட வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருக்கிறது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். கடையைத் திறக்கிறேன், பிள்ளைகளின் அடையாள அட்டைகளைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுக்கிறேன், மிச்சக் காசை எண்ணாமல் கொடுத்துவிட்டு நிற்கிறேன். உனக்கு எழுதினால் ஏதாவது நடக்கும் என்று நினைத்து எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நீ நெல் யாவாரி, நான் போட்டோக்கொப்பிக் கடைக்காரன். இரண்டு பேரில் ஒருவரும் மெஷின் வேலை படித்தவர் இல்லை. கல்முனை பஸாரில் எவன் கடையில் எது பழுதானாலும் அது நமக்கு வந்து சேரும் என்பதுதான் நம்முடைய தகுதி. உன் கல்யாணம் நினைவிருக்கிறதா? நம் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியிருக்க வேண்டும். மற்ற மாப்பிள்ளைமார் சூட்கேசோடு வருவார்கள். நீ என் தங்கச்சி வீட்டுக்கு வந்தது ஓர் உரப்பை நிறைய உடைந்த ரேடியோவோடு. உம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தா. சம்பந்தம் பேசியவன் நான்.

நாம் முதலில் செய்த ரோபோ உன் நெல்லுக்குக் காவலாக வந்தது. வாசலில் படங்கு விரித்துக் காயப்போட்ட நெல்லைக் காகம் தின்னாமல் விரட்ட வேண்டும் என்பது உன் திட்டம். விளையாட்டுக் காரின் சில்லு, சீடி பிளேயரின் மோட்டார், மேலே கிழிந்த குடைத்துணி. ஓடியது. ஆனால் இடப்பக்கம் மட்டும்தான் கிறுகும். வலப்பக்கம் கிறுக இன்னொரு மோட்டார் வேண்டும், அது நம்மிடம் இல்லை. அது படங்குக்கு மேலேயே வட்டம் வட்டமாகச் சுற்றி நெல்லை முற்றம் முழுக்க வாரி இறைத்தது. காகங்கள் மதிலில் வரிசையாக இருந்து வேடிக்கை பார்த்தன. தங்கச்சி விளக்குமாற்றோடு வந்து நின்று, "காகம் திண்டிருந்தாலும் இவ்வளவு போயிரிக்காது" என்றாள். நீ வெட்கப்படவே இல்லை. "காகம் வரல்லதானேகா?" என்றாய்.

பிறகு நீ கூரையிலிருந்து விழுந்தாய். டிஷ் அன்டனாவைத் திருப்பப் போய் ஓடு வழுக்கியது. கழுத்தில் அடி. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது கால் மெல்ல மெல்ல வந்திருந்தது. கை இரண்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கின. கழுத்தும் திரும்பாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். அதைப் பற்றி நீ அதிகம் கதைக்கவில்லை. வந்து போகிறவர்கள் கதைத்தார்கள்.

அந்த வருஷத்து நோன்பு வந்தது. நோன்பைப் பிடிக்க உனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. துறக்கும் நேரம்தான் சிக்கல். பொழுது பட்டுப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் தங்கச்சி முதலில் உன் வாயில் பேரீச்சம்பழம் வைப்பாள். பிறகு தண்ணீர். பிறகு கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊதி ஊதித் தருவாள். உனக்குப் போதும் என்ற பிறகுதான் தன் கிளாசைத் தொடுவாள். அதற்குள் பள்ளியில் தொழுகை தொடங்கிவிடும். நோன்பு துறப்பதைப் பிந்தப்படுத்தக் கூடாது என்று சின்னதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் நம் இரண்டு பேருக்கும் சொல்லித் தந்தார்கள். நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை.

பெருநாள் முடிந்து நான் வந்திருந்தபோது என்னிடம் சொன்னாய். "மச்சான், நமக்கு ஒரு கை செய்யணும். எனக்காக இல்ல. நாள் முழுக்க அடுப்படியில நிக்கிறவ, அவட முதல் மொடக்குத் தண்ணி என்னால பிந்துது. பாங்கோட அவ நோன்பு துறக்கணும். அதுக்குத்தான்."

"நான் வந்து ஊட்டி உடுறன்" என்றேன்.

"அப்ப உன்ட நோன்பு சுணங்கும்" என்றாய்.

அதன் பிறகு தினமும் அஸர் தொழுகைக்குப் பின் உன் வீட்டில்தான் நான். நீ கதிரையில் இருந்தபடி சொல்வாய், நான் செய்வேன். மேசை விளக்கின் மடங்கும் தண்டு கையானது. பழுதான மேசைக் காற்றாடியின் கழுத்துக்குள் இருக்கும் பல்லுச்சில்லு அதை மெதுவாகத் தூக்கியது. பிரிண்டர் மோட்டார் அதை முன்னுக்குத் தள்ளியது. நுனியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் சின்னக் கரண்டி, பக்கத்தில் தண்ணீர் உறிஞ்ச ஒரு குழாய். நான் ஆணியைக் கோணலாக இறுக்கினால் நீ கண்ணை மூடிக்கொள்வாய். "எனக்கு வந்த வருத்தத்த விடப் பெரிய வருத்தம் உன்ட கைய நம்பி இரிக்கிறதுதான்" என்பாய். நான் கரண்டியை உன் மூக்கில் இடிக்க விட்டுப் பழி தீர்ப்பேன். அந்த மாதங்களில் நாம் சிரித்த அளவு அதற்கு முன் சிரித்ததில்லை. இதை எழுதும்போது சிரித்தோம் என்பது தெரிகிறது. சிரிப்பு எப்படி இருந்தது என்பது வரமாட்டேன் என்கிறது.

எல்லாம் சரிவந்த பிறகு சுவிட்சில் வந்து நின்றோம். உனக்குக் கால் வேலை செய்கிறது, காலுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்தால் முடிந்தது என்றேன். தையல் மெஷினின் மிதியைக்கூடக் கொண்டு வந்துவிட்டேன். நீ என்னை ஏதோ ஹராமான சாமானை வீட்டுக்குள் கொண்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

"ஈச்சம்பழத்தக் காலால உதைச்சி வாய்க்குள்ள தள்ளுறதா? நோன்புடா!"

"காலு சுவிட்சுலதானே படுது, பழத்துலயா படுது?"

"ரெண்டும் ஒண்டுதான். கழட்டு."

தங்கச்சியும் உன் பக்கம். அவள் அழுத்தினால் மீண்டும் அவள் கை உனக்காக ஓட வேண்டும், ஆகவே அதுவும் இல்லை. கடைசியில் நீதான் சொன்னாய், பாங்குக்கே அது எழும்பட்டும் என்று. பழைய போன் ஒன்றின் மைக்கை எடுத்து, பள்ளியைப் பார்த்த ஜன்னலில் ஒட்டினோம். ஸ்பீக்கரில் சத்தம் வந்தால் கை எழும்பும். நம் இரண்டு பேருக்கும் அன்று இருந்த பெருமை உலகத்தில் ஒருவருக்கும் இருந்திருக்காது.

பள்ளி ஸ்பீக்கரில் பாங்கு மட்டுமா வரும்? அது நம் இருவரின் மண்டைக்கும் எட்டவில்லை. அடுத்த வருஷ நோன்பின் முதல் நாள், லுஹர் தொழுகைக்குப் பிறகே நான் வந்து சாயங்காலத்துக்கென்று கரண்டியில் பழத்தை வைத்தேன், சரியென்று சொல்லிவிட்டு நீ கதிரையில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாய். பள்ளியில் யாரோ இறந்ததற்கு ஜனாஸா அறிவித்தல் சொன்னார்கள். கை எழும்பியது. நேராக வந்து உன் உதட்டில் பழத்தை வைத்து அழுத்தியது. நீ வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் கத்தினாய். நான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினேன். "ஆரோ மௌத்தாகிட்டாங்க, அதுக்கு எனக்கு ஈச்சம்பழமா?" என்று கேட்டாய். தங்கச்சி சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்து, மௌத்துக்குச் சிரித்ததற்காக அல்லாஹ்விடம் தவ்பாச் செய்து, மீண்டும் சிரித்தாள். அன்றே தானாக எரியும் தெரு லைட் ஒன்றின் கண்ணைக் கழற்றிக் கொண்டு வந்து போட்டோம். இனிப் பகல் வெளிச்சத்தில் எந்தச் சத்தத்துக்கும் அது அசையாது.

அன்று மஃரிப் பாங்குக்குக் கை எழும்பியது. கொஞ்சம் நடுங்கிக்கொண்டு வந்தது. பழம் உன் வாய்க்குள் போனது. நீ மென்றாய். கண்ணை மூடிக்கொண்டு மென்றாய். பிறகு, தலையைத் திருப்ப முடியாததால் முன்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே, "புள்ள, துறந்திட்டியா?" என்று கேட்டாய்.

"ஓம், துறந்திட்டன்" என்று உனக்குப் பின்னாலிருந்து தங்கச்சி சொன்னாள். கிளாஸ் மேசையில் டக்கென்று பட்ட சத்தமும் உனக்குக் கேட்டிருக்கும். உன் முகம் எப்படி ஆனது என்பதை நான் பார்த்தேன். கல்யாணத்தன்றும் உன் முகம் அப்படி இருக்கவில்லை.

மச்சான், உனக்குப் பின்னால் நடந்ததையும் நான் பார்த்தேன். அவள் துறக்கவில்லை. கிளாசைத் தூக்கி அப்படியே வைத்தாள். பழம் அவள் விரலுக்கிடையில் இருந்தது. அந்தக் கை உன் வாய்க்குப் போய், நீ மென்று, விழுங்கி, தண்ணீர்க் குழாயை உறிஞ்சும் வரைக்கும் உன் பிடரியைப் பார்த்தபடி நின்றாள். பிறகுதான் தன் வாயில் வைத்தாள். அந்த நோன்பு முழுக்க, நான் வந்த நாளெல்லாம், அப்படித்தான். அடுப்படியில் வைத்து ஏன் என்று கேட்டேன். "எப்படிக் காக்கா அவருக்கு முதல்ல எனக்கு இறங்கும்?" என்று தன் அண்ணனான என்னையே திருப்பிக் கேட்டாள். "அவர்ட்டச் சொல்லிராதீங்க. அந்த மனிசன் எவ்வளவு சந்தோசமா இரிக்கி." நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ இன்னொரு மெஷின் செய்ய என்னை அழைத்திருப்பாய்.

பெருநாளுக்குப் பிறகும் திங்கள், வியாழன் நோன்புகளுக்காகக் கையைக் கழற்றாமல் வைத்திருந்தாய். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கியது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அவ்வளவு விரைவாக முடியும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

உன் ஜனாஸா அறிவித்தலை நான் உன் வீட்டு முன்னறையில் நின்று கேட்டேன். பத்து மணி வெயில் ஜன்னலால் வந்து அந்தக் கையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதன் சின்னப் பச்சை லைட் எரிந்தது. ஸ்பீக்கரில் உன் பெயரைச் சொன்னார்கள், உன் வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள், எந்த மையவாடியில் அடக்கம் என்று சொன்னார்கள். சனம் வந்து என் தோளைத் தொட்டது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது அசையவில்லை. பகலில் அசையக் கூடாது என்று நாம்தானே செய்தோம். அசையாதது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. உன்னைக் குளிப்பாட்டியதும், சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியதும், மூன்று பிடி மண் போட்டதும் எல்லாம் நினைவில் இருக்கின்றன, வேறு யாரோ சொல்லக் கேட்டதுபோல.

உனக்காக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்த தங்கச்சியின் இத்தா முடிந்தது. இந்த வருஷத்து நோன்பும் வந்துவிட்டது. முதல் நாள் என் வீட்டில் சொல்லிவிட்டு அவளோடு துறக்கப் போனேன். கஞ்சி காய்ச்சியிருந்தாள். இரண்டு பேருக்கு மட்டும் காய்ச்ச அவளுக்கு அளவு தெரியவில்லை, சட்டி நிறைய இருந்தது. பாய் விரித்து இருந்தோம். அதிகம் கதைக்கவில்லை.

பாங்கு தொடங்கியது. முதல் சொல் முடியுமுன்பே அவள் பழத்தை வாயில் வைத்தாள். உடனே தண்ணீரும் குடித்தாள், உண்மையாகவே குடித்தாள். யாருடைய பிடரியையும் பார்க்கவில்லை, ஒருவருக்காகவும் நிற்கவில்லை. நீ ஆசைப்பட்டது அப்படியே நடந்தது மச்சான். அவள் பாங்கோடு நோன்பு துறந்தாள்.

என் பழம் என் கையிலேயே இருந்தது. நீ முதலில் மெல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன் என்பது அவள் என்னைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"காக்கா, என்னத்தப் பாத்துக்கிட்டு இரிக்கிங்க? துறங்க, சுணங்குது" என்றாள்.

அன்றிலிருந்து நான்தான் பிந்துகிறேன்.