இருபத்தாறு நிமிடங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம்தான். ஊசி போட்டுப் போட்டு உன் மனைவி ஒரு சுற்று பெருத்திருக்கிறாள். நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே. நான்கு கருக்களை உறையவைத்திருக்கிறோம், நீ விடுப்பில் வந்ததும் ஒன்றை அவள் கருப்பையில் வைப்போம் என்று டாக்டர் போனில் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை எங்கள் ஆய்வகத்தில் எட்டு முட்டைக்குள்ளும் உன் விந்தணுவை நான்தான் ஊசியால் செலுத்தினேன். ஒன்றுகூட விழிக்கவில்லை. உள்ளே போனால் மட்டும் போதாது தம்பி. விந்தணு கொண்டுபோகும் ஒரு புரதம் முட்டைக்குள் கால்சியத்தைக் கிளப்பிவிட வேண்டும். அது மணிக்கணக்கில் அலை அலையாக எழுந்து அடங்கினால்தான் முட்டை கருவாகத் தொடங்கும். உன் அணுக்களில் அந்தப் புரதம் இல்லை. அதனால் இந்த முறை, கால்சியத்தை உள்ளே விடுகிற மருந்தில் முட்டைகளைப் பத்து நிமிடம் வைப்பதாக ஏற்பாடு.

இருபத்தாறு நிமிடம் கிடந்தன. சொந்தக்காரர் முட்டையைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்து வழக்கம். பிடிவாதமாக வாங்கிக்கொண்டவள் நான். மருந்தில் வைத்ததும், வெளியே உன் மனைவி அழுகிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஓடினேன். இதுதான் கடைசின்னு டாக்டர் சொல்லிட்டாரே அண்ணி என்று என் கையை விடவே இல்லை. உள்ளே பத்து நிமிடத்துக்கு வைத்த மணி அடித்து ஓய்ந்திருக்கிறது.

ஏட்டில் பத்து என்று எழுதிவிட்டேன். அளவு மீறினால் முட்டைக்குள் என்ன கெடும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நான்கு கருவும் அழகாகத்தான் செல் செல்லாகப் பிரிந்தன. உள்ளே கெட்டிருந்தாலும் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அண்ணி, என் பிள்ளைங்க பத்திரமா இருக்காங்களா என்று தினமும் கேட்கிறாள். இருக்காங்கம்மா என்கிறேன்.

டாக்டரிடம் சொன்னால் நான்கையும் கழித்துவிடுவார். அவளிடம் இனி முட்டை எடுக்க முடியாது, உனக்கே தெரியும். சொல்லாவிட்டால், பிறக்கிற குழந்தை ஒவ்வொரு முறை தும்மும்போதும் நான் நடுங்குவேன்.

சொல்லிவிடு என்று எழுது. அன்றைக்கே சொல்கிறேன்; வேலை போனால் போகட்டும். சும்மா இரு என்று மட்டும் எழுதிவிடாதே ராசா. எழுதினால் இருந்துவிடுவேன். நீங்கள் இருவரும் நல்லாயிருக்கணும்.

உன் அக்கா