மல்லிகா மேடு இருந்த இடம்

என் மல்லிகாக்காவுக்கு,

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்து, ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். நீ போன பிறகு உன்னிடம் வாய்விட்டுப் பேசியதே இல்லை. இன்று பேசாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். பயமாக இருக்கிறது, அக்கா.

உன் மகள் கனியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போதுதான் ஜல்லி டிப்பர் லாரி உன்னை அடித்துப் போட்டது. அன்றைக்கு நம் காலனியே ரோட்டில் உட்கார்ந்தது. பொம்பளைகள் எழுந்திருக்க மறுத்த பிறகுதான் வேகத்தடை போட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் விடுகிற நேரமும் டிப்பர் வரக்கூடாது என்று பலகையும் நட்டார்கள். பலகையை எந்த டிரைவரும் மதிக்கவில்லை. மேட்டுக்கு மட்டும் எல்லாரும் பிரேக் போட்டார்கள்.

அதற்கு ஊர் வைத்த பெயர் மல்லிகா மேடு. உத்திரமேரூர் பஸ் கண்டக்டர்கூட, "மல்லிகா மேடு எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். கனிக்கு மட்டும் அது அம்மா மேடு.

அந்த மேடு இப்போது இல்லை, அக்கா.

பெயர்த்தது வேறு யாருமில்லை, நாமேதான். போன வருஷம் ஆடித் திருவிழாவில் கங்கையம்மன் தேர் அந்த மேட்டில் ஏறும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பயத்தில் இந்த வருஷம் தேருக்கு முன்னாலேயே கடப்பாரையோடு போய்விட்டார்கள். முதல் ஆளாக நின்றது உன் வீட்டுக்காரர்.

"இன்னா மாமா, அக்கா பேர்ல கீறதையே ஒடைக்கிறீங்களே!" என்று கத்தினேன்.

"அம்மன் சாஞ்சா ஊருக்கு ஆவாதுமா. திருநா முடியட்டும், நானே ஜல்லி கொட்டிப் போட்டுடறேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எப்படித் திட்டுவேன்?

தேர் முடிந்தது, கூழும் வார்த்தாயிற்று. மாமா சொன்னபடியே ஜல்லியோடு போனார். ரோடு ஆபீஸ் ஆள் வந்து, "ஆர்டர் இல்லாம ரோட்டுல கை வெச்சா கேஸு" என்று விரட்டிவிட்டார். உடைக்கும்போது எவனும் ஆர்டர் கேட்கவில்லை. போடுவதற்கு மட்டும் வேண்டுமாம். மனு கொடுத்தால், "டிப்பருக்குத் தடை ஏற்கெனவே இருக்கேம்மா" என்கிறார்கள். இருக்கிறது, பலகையில். பிடிக்கிறவர் யார்?

இன்று காலை நடந்ததைக் கேள். என் சின்னவனின் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். அதற்குள் கனி ரோட்டில் இறங்கிவிட்டாள். ஓடவில்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் நடப்பதுபோல் நடக்கிறாள். டிப்பர் வருகிறது. பையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். வண்டி நிற்கவே இல்லை.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது? வண்டி வரது தெரியல?" முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அழுதுகொண்டே சொன்னாள்: "இங்க வந்தா வண்டிங்கோ மெதுவாதான் போவும் சித்தி. அம்மா கீறாங்க இல்ல?"

இவள் மட்டுமா, அக்கா? எல்லாப் பிள்ளைகளும் உன் மேட்டை நம்பித்தானே ரோட்டில் இறங்கிப் பழகியிருக்கிறார்கள்? மேடு இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், கால் பழகினபடிதானே போகும்?

மத்தியானம் மாமாவிடம் சொன்னேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எங்கே போனார் என்று தெரியாமல் தவித்தேன். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனால், மேடு இருந்த இடத்தில், நடு ரோட்டில், சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு டிப்பர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. மனிதர் நகரவில்லை. வண்டி நின்றது. கனிதான் முதலில் ரோட்டைத் தாண்டினாள்.

நாளைக் காலை அந்தத் துண்டு என் கையில். பயந்தாலும் நிற்பேன். ஆர்டர் வந்து, மேடு திரும்பி, அந்தப் பலகையைப் பார்த்தே டிப்பர்கள் நிற்கிறவரைக்கும் மல்லிகா மேடு நாங்கள்தான். இந்த ரோட்டில் இன்னொருத்தர் பெயரில் ஒரு மேடு வர விடமாட்டேன், அக்கா.

கனியின் கையை விடாத சித்தி,
உன் ஓரகத்தி
தனம்