மிதவை மேல் ஒரு தலாக்

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை எவனும் நம்பமாட்டான். இதை நான், ஷவ்கி, அலெக்சாந்திரியாவின் கிழக்குத் துறைமுகத்துக்கு முப்பது ஆண்டுகளாக முடிசூடாத சக்கரவர்த்தி, நெஞ்சில் கைவைத்து உறுதி சொல்கிறேன். நம்பாதவர்கள் வரிசையில் முதல் ஆள் என் மனைவி இனாயாத். அந்த இடம் அவளுக்கு நிரந்தரம்.

பந்தயத்தில் பதினான்கு படகுகள். நான் பதினான்காவது. நான் முடிவுக்கோட்டைக் கடந்தபோது நடுவர்கள் சாப்பிட்டு, தூங்கி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

குற்றம் என் முழங்காலுடையது. ‘சின்ன சூரியன்’ புயல் பதினெட்டாம் தேதி வருவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இடது முழங்கால் மட்டும் இன்றே வருகிறது என்றது. எல்லாரும் கரையோரம் போக, நான் தன்னந்தனியாகக் கோட்டைப் பக்கம் போனேன். அங்கே காற்றே இல்லை. ஒரு கடற்காக்கை என் பாய்மரத்தில் உட்கார்ந்து, கூடுகட்டலாமா என்று யோசித்தது.

அதைக்கூடப் பொறுப்பேன். அந்தப் பல் டாக்டர் வஜ்தி, பந்தயத்தை ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்து, "ரயிஸ், கயிறு போடவா? இழுத்துட்டுப் போறேன்" என்கிறான். ‘ரயிஸ்’, அதாவது படகுத் தலைவரே என்று மரியாதை வேறு. சிரித்துக்கொண்டே! முப்பத்திரண்டு பல்லும் தெரிய!

கயிற்றை வாங்கிக்கொண்டேன். அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 7

படகில் என்னோடு வருபவள் என் அக்கா மகள் ரீஹாம். கணக்கு டீச்சர். முப்பத்தொரு வயது, நாக்குக்கு அறுபது.

"நாம தோத்தது காத்தால இல்ல மாமா, உங்க வாயால. பாதி நேரம் வஜ்தியைத் திட்டுறீங்க, மீதி நேரம் புயலோட பேசுறீங்க. பாயை யார் பார்க்கிறது?"

படகின் அடியைத் தடவிக் காட்டினாள். சிப்பி. பாசி. "இதைச் சுரண்டினா பத்து பேருக்கு சூப் வைக்கலாம்."

என் படகு சுல்தானாவை, கடலே எழுந்து வழிவிடும் சுல்தானாவை, சூப் என்கிறாள்!

பிப்ரவரி 10

மூன்று நாளாகச் சுரண்டுகிறோம். தோளெலும்பு கழன்று பாக்கெட்டில் இருக்கிறது. நாலு வகை உப்புத்தாள். அடிப்புறத்தில் முகம் பார்த்து மீசை வெட்டலாம்.

ரீஹாம் இனாயாத்தின் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலைத் திருடி வந்து பாயில் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறாள். "படகா, கல்யாணப் பொண்ணா?" என்றேன்.

"நூல் நேரா பறந்தா காத்து ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம். சுருண்டா நீங்க சுக்கானைத் தப்பாப் பிடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

ஆக, முப்பது வருட அனுபவத்தை இனி நூல் திருத்தும்.

பிப்ரவரி 13, வெள்ளி

மூன்றாவது இடம்!! ஒன்பது வருடத்தில் முதல்முறை.

எனக்கு ஏன் கோபம் வருகிறது? வருகிறது. ஏனென்றால் பந்தயம் முழுக்க அவள் என்னிடம் சொன்னது இரண்டே வார்த்தை. காற்று திசை மாறிப் படகின் மூக்கு குறியிலிருந்து விலகும்போதெல்லாம் "திருப்புங்க." மற்ற நேரமெல்லாம் "உஷ்." தனியாக ஒரு மூலைக்கு ஓடவில்லை, சூதாடவில்லை, கூட்டத்தோடு போய், சின்னச் சின்ன மாற்றத்தில் ஒவ்வொருவனாகத் தாண்டினோம். முழங்காலை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுவும் கோபித்துக்கொண்டு வீங்கியிருக்கிறது.

அடுத்த வெள்ளி குளிர்காலக் கோப்பை. ஐந்து வருடமாக அது வஜ்தியின் காத்திருப்பு அறையில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாய் பிளந்து காத்திருப்பவனெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே பல்லைப் பிடுங்கிக்கொள்கிறான்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஜெயித்தேன். கோப்பை என்னுடையது. மினாரா உயர அலை, வானம் கருகருவென்று, மீன்களெல்லாம் எழுந்து நின்று கைதட்டின.

கடைசி மிதவையில் வஜ்திக்கு அரைப்படகு முன்னால் இருந்தேன். பந்தய வழியின் திருப்பத்தைக் காட்ட, புதிதாக ஆரஞ்சு வண்ணம் அடித்த மிதவை. ஒட்டி வளைத்தேன். மிதவையைப் பற்றி இங்கே எழுத வேறொன்றுமில்லை.

உடனே பின்னாலிருந்து அவன், "ரயிஸ், பட்டுடுச்சு! ஒரு சுத்து போடுங்க!"

மிதவையில் படகு பட்டால் அங்கேயே ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும், விதி அது. இருபது வினாடி. அரைப்படகு முன்னால் இருப்பவனுக்கு இருபது வினாடி என்றால் ஒரு ஆயுள்.

நான் சுற்றவில்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்! விசாரணை வைத்தார்கள். நடுவர் கேப்டன் அத்லி ரீஹாமைக் கேட்டார். "நான் அந்தப் பக்கம் பார்க்கல. பாயைப் பார்த்துட்டிருந்தேன்" என்றாள். என்னைக் கேட்டார்.

"என் பொண்டாட்டி எனக்கு தலாக், மிதவை மேல படவே இல்ல!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னது பொய்யென்றால் மனைவி தலாக் ஆகட்டும் என்று, இந்த ஊரில் ஆண்பிள்ளை வாயில் அடிக்கடி வருகிற சத்தியம்தான். இருந்தாலும் விசாரணை அறையில், காகிதத்தில் எழுதிக்கொள்கிறபோது... கேப்டன் பேனாவை மூடினார். "வேற சாட்சி இல்ல. புகார் தள்ளுபடி."

வஜ்தி எழுந்து கை கொடுத்தான். கை கொடுக்கிறான்! கன்னத்தில் அறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிப்ரவரி 21

இனாயாத் உப்பை என் பக்கம் நகர்த்தவில்லை.

பிப்ரவரி 22

ரொட்டி வரிசையில் கேப்டனின் மனைவி என் சத்தியத்தை இனாயாத்திடம் சொல்லியிருக்கிறாள். பெண்களின் வாய்!

"முப்பத்தொரு வருஷமா என்னை தலாக் பண்ணிட்டே இருக்கீங்க" என்றாள் இனாயாத், குரல் உயர்த்தாமல். "தர்பூசணி இனிக்குதுன்னு ஒரு தலாக். கோல் விழலைன்னு ஒரு தலாக். நீங்க பிடிச்ச மீன் உங்க உயரம்னு ஒரு தலாக். நான் சிரிச்சேன். ஏன்னா கேட்டவங்களும் சிரிச்சாங்க. இந்தத் தடவை யாரும் சிரிக்கல. எழுதி வெச்சிருக்காங்க. என் பேரை உங்க கோப்பைக்கு அடியில முட்டுக் கொடுத்திருக்கீங்க."

"அடி, அது வெறும் பேச்சு..."

"பட்டுச்சா, படலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"படல."

தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், சீதி பிஷ்ருக்கு. கம்பளிக் கூடையோடு. வாசலில் நின்று, "மிதவை பதில் சொன்னதும் ஆள் அனுப்புங்க" என்றாள்.

போகட்டும்! போய்க்கொள்ளட்டும்! எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியாதா?

பிப்ரவரி 23

தெரியாது.

பிப்ரவரி 24

படகுக் கொட்டகையில் ரீஹாம் படகின் இடது விலாவுக்குக் கீழே குனிந்து நின்றாள்.

"இது என்ன மாமா?"

ஆரஞ்சு நிறம். கட்டைவிரல் அகலம்.

"தக்காளி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? முப்பது வருடமாகத் திமிங்கிலங்களை வரவழைத்த வாய்க்கு, தேவைப்பட்ட நாளில் ஒரு தக்காளிதான் கிடைத்தது.

அவள் சிரிக்கவில்லை. "அவங்க கேட்டப்ப நான் நிஜம் சொன்னேன். நான் பார்க்கல. அந்த நிஜத்தை எடுத்து உங்க பொய்க்குக் குடை பிடிச்சிட்டீங்க. அடி சுரண்டினோம், நூல் ஒட்டினோம், மூலைக்கு ஓடாம பொறுமையாப் போனோம். நாம நிஜமாவே வேகமா இருந்தோம் மாமா. இப்ப அது யாருக்குத் தெரியும்?"

கையுறையைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு உப்புத்தாளை எடுத்து அந்த ஆரஞ்சைத் தேய்த்தேன். மரம் தெரியும்வரை தேய்த்தேன். வஜ்தியைத் திட்டிக்கொண்டே. விதி எழுதியவனை, வண்ணம் அடித்தவனை, வண்ணம் கண்டுபிடித்தவனை.

என்னைத் தவிர எல்லாரையும்.

பிப்ரவரி 25

பள்ளிவாசல் ஷேக்கிடம் போனேன். எல்லாம் சொன்னேன். "மனைவியை விடணும்னு நினைச்சியா?" என்றார். "ஜெயிக்கணும்னு நினைச்சேன்."

"அப்ப கல்யாணம் முறியல. பொய்ச் சத்தியத்துக்குப் பாவமன்னிப்புக் கேளு, பத்து ஏழைக்கு சோறு போடு. நான் சொல்ல முடிஞ்சது இதுதான். கல்யாணம் நிலைக்குதான்னு என்னைக் கேட்ட, நிலைக்குது. அவ நிப்பாளான்னு அவளைக் கேளு."

மார்க்கமே என்னை விட்டுவிட்டது, ஒரு கம்பளிக் கூடைக்காரி விடமாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

படகுச் சங்கத்துக்குப் போனேன். எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று சொன்னேன்: "மிதவை மேல பட்டுச்சு. பந்தயத்திலேர்ந்து விலகுறேன். கோப்பையை வஜ்திக்குக் கொடுங்க."

கூரை பறக்கச் சிரிப்பு.

"இந்தாளுக்கு ஜெயிச்சது போதல, இப்ப மகானாகவும் ஆகணுமாம்!" என்றான் ஒருத்தன். "அடுத்து திமிங்கிலம் தள்ளிவிட்டுச்சும்பாரு பாரு!" என்றான் இன்னொருத்தன். கேப்டன் அத்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஷவ்கி, நீ சத்தியம் பண்ணியிருக்க. பொண்டாட்டி மேல. விளையாடாதே, உட்காரு" என்றார்.

"டேய், நிஜமாச் சொல்றேன்டா!"

"ஆதாரம்?"

ஆதாரம்! என் கையால் தேய்த்துக் கடலில் ஊதிவிட்ட ஆதாரம்!

அப்போது மூலையிலிருந்து அந்தப் பல் டாக்டர் எழுந்தான். சிரிக்கவில்லை. "நான் நம்புறேன்" என்றான். "ரயிஸ் திமிங்கிலத்தைப் பத்திச் சொல்லல. அலை தள்ளிச்சுன்னுகூடச் சொல்லல. வெறும் ‘பட்டுச்சு’ன்னு சொன்னாரு. அவரு இவ்வளவு சின்னதா எதையும் சொல்லி நான் கேட்டதே இல்ல."

ஐம்பத்தெட்டு வருட வாழ்வில் என் சொல்லை அப்படியே நம்பிய முதல் மனிதன். அது இவனாகவா இருக்க வேண்டும்!

அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே எழுதினேன். சுல்தானா, விலகியது. பேனா மூன்று தடவை மக்கர் செய்தது. அதையும் திட்டினேன்.

பிப்ரவரி 28

சீதி பிஷ்ர். அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"பட்டுச்சு" என்றேன்.

"எவ்வளவு?"

"பட்டுச்சு. அவ்வளவுதான்."

கதவை முழுதாகத் திறந்தாள். "சோறு போடணுமே பத்து பேருக்கு. மீன் வாங்கினீங்களா?" என்றாள். ஷேக் விஷயம் இவளுக்கு எப்படி... பெண்களின் வாய்!

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். இனிமேல் சத்தியம் செய்ய வாய் ஊறினால் அவள் பேர் கூடாது. முழங்கால் பேரில் செய்யலாம்.

மார்ச் 6, வெள்ளி

பரிசளிப்பு. கோப்பை மீன்தொட்டிக்குத் திரும்பியது. பட்டியலில் கடைசிப் பேர் என்னுடையது. கைதட்டினேன். வலது கை தட்டியது, இடது கை இன்னும் சம்மதிக்கவில்லை.

கொட்டகைக்குப் போனால் பலகையில் ரீஹாமின் கையுறை இல்லை. அவள் கையில் இருந்தது. நான் மரம் தெரியத் தேய்த்த இடத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். "நல்லா சொரண்டியிருக்கீங்க மாமா" என்றாள். "இந்த உழைப்பை அடியில காட்டியிருந்தா ஒரு பந்தயம் முன்னாடியே ஜெயிச்சிருப்போம்."

மார்ச் 13, வெள்ளி

வசந்தப் பந்தயம். ‘ஹுஸூம்’ புயலின் வால் இன்னும் துறைமுகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மிதவை வரை இரண்டாம் இடம். வஜ்தி வெகு முன்னால், மற்றவர்கள் பின்னால். ரீஹாம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவனும் பார்க்கவில்லை.

சுக்கானைத் தள்ளினேன். முழு வட்டம்.

"என்ன பண்றீங்க மாமா! ஏன் சுத்துறீங்க?"

"உஷ்" என்றேன். முதல்முறையாக நான்.

ஐந்தாவது இடம். கரையேறும்போது அந்த நாசமாய்ப் போன வஜ்தி கயிறு பிடிக்கக் கை நீட்டினான். கொடுத்தேன். முப்பத்திரண்டு பல்லும் காட்டினான்.

வீட்டில் இனாயாத் தட்டை வைத்துவிட்டு, "பட்டுச்சா?" என்றாள்.

"பட்டுச்சு."

உப்பை என் பக்கம் நகர்த்தினாள்.

இந்த நோட்டை என்றைக்காவது படிக்கப்போகிறவனுக்கு: மினாரா உயர அலை பொய். கைதட்டிய மீன்கள் பொய். தோளெலும்பு கழலவில்லை, கடற்காக்கையும் கூடுகட்டவில்லை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இன்று மிதவை மேல் பட்டது. மெதுவாக, நூல் தொடுகிற மாதிரி. பட்டபோது என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.