அரிசி தின்ற பெண்

ஐப்பசி, ஞாயிறு இரவு

உடம்பெல்லாம் வலி. மூலக்குளத்தில் உள்ள எங்கள் திறந்தவெளி மண்டபத்தில் இன்று மாலை ஒரு கல்யாண வரவேற்பு. மழை கொட்டி மேடை, பந்தி எல்லாம் நாசம். மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம் தருவதாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தேன். ஈரப் புடவையோடு அவர்களுக்குப் போன் செய்தேன்.

"மேடம், மழைமானி பீச் பக்கம் இருக்கு. அங்க ஒரு சொட்டுகூட விழல. எங்க கணக்குல இன்னிக்கு மழையே இல்ல" என்றான் போனை எடுத்தவன்.

மாப்பிள்ளை வீட்டார் நான்தான் மழையை வரவழைத்த மாதிரி திட்டினார்கள். மேக்கப் கலைந்து நின்ற பெண் மட்டும் சிரித்தாள்.

"சின்ன வயசுல பச்சரிசிய அள்ளி அள்ளித் தின்னேன்க்கா. அதான் என் கல்யாணத்துல மழை."

இன்று பெய்த மழைக்குப் பொறுப்பேற்றது அவள் ஒருத்திதான்.